பந்தலில் ஒட்டிய பறக்கும் தட்டுகள்

இந்த வருஷம் பூஜை சமயத்தில் பால் வாங்கப் போகவேண்டுமென்றால் நான் ஒரு பறக்கும் தட்டுக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டியிருந்தது. கொல்கத்தா காளிகாட்டில் எங்கள் சந்து முனையில் மூங்கில் நட்டு, பிளைவுட் அடித்து, வெள்ளித் தாள் சுற்றி அதைக் கட்டியிருந்தார்கள். அதன் ஒரு கால் பால் பூத்துக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். இங்கே துர்கா பூஜை என்றால் வெறும் சாமி கும்பிடுவதில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கிளப், ஒவ்வொரு கிளப்புக்கும் வருஷத்துக்கு ஒரு ‘தீம்’. ஒரு வருஷம் ராஜஸ்தான் கோட்டை, ஒரு வருஷம் சேலைத் தறி. இந்த வருஷம் எங்கள் தெருவுக்கு வேற்றுக்கிரகத்து விருந்தாளிகள். அம்மன் அந்தத் தட்டின் வயிற்றுக்குள் எழுந்தருளியிருந்தாள்.

அந்த யோசனை போனதே எங்கள் வீட்டிலிருந்துதான். மழைக்காலம் போய் வெயில் தலைகாட்டினால் என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன படக்கதைப் புத்தகங்களை மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயவைப்பேன். இல்லாவிட்டால் இந்த ஊர் ஈரம் அவற்றைத் தின்றுவிடும். கீழ்வீட்டுத் தபன் துணி எடுக்க வந்தவன் பார்த்துவிட்டான். கிளப் செக்ரட்டரி அவன். குழந்தையில் என் வீட்டு வாசலில் தவழ்ந்தவன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. “மாஷிமா! இது என்ன பொக்கிஷம்! இங்கிலாந்துப் புத்தகம் இல்லையா இதெல்லாம்?” என்று உட்கார்ந்துகொண்டான். மாஷிமா என்றால் இவர்கள் பாஷையில் சித்தி, பெரியம்மா மாதிரி.

இங்கிலாந்துப் புத்தகங்கள்தான். நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில், அலிப்பூர் ஆபீஸ் விட்டு வரும் வழியில், நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் அவர் பொறுக்கிக்கொண்டு வருவார். வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போனவையாம். ஒவ்வொன்றிலும் வானத்திலிருந்து தட்டு இறங்கும். வட்ட வட்டமாக ஜன்னல், அடியில் மூன்று கால், பக்கத்தில் பச்சை வெளிச்சம். உள்ளேயிருந்து கொக்குக் கழுத்தும் முட்டைக் கண்ணுமாக யாராவது இறங்குவார்கள். உயரத் தொப்பி வைத்த போலீஸ்காரன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பான். மீசைக்காரப் பட்டாளத்தான் அப்போதும் டீக் கோப்பையைக் கீழே வைக்கமாட்டான். லண்டனில் ஓடுகிற சிவப்பு மாடி பஸ் படத்தில் வரும். இங்கேயும் அது மாதிரி ஓடியதால் நான் அதெல்லாம் கொல்கத்தாவில் நடக்கிறதென்றே நினைத்திருந்தேன்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். இங்கிலீஷ் தெரியாது, வங்காளியும் தெரியாது. வந்த முதல் மாதங்களில் என் வாயிலிருந்து வார்த்தை வந்ததா என்பதே சந்தேகம். கறிகாய்க்காரன் ஏதாவது கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். அவரும் பேச்சுக்காரர் இல்லை. ஆனால் சாயந்திரம் காப்பி குடித்துவிட்டு அந்தப் புத்தகத்தை மடியில் விரித்தால் வேறு மனிதராகிவிடுவார். படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுவார். அதிலும் நெல்லைத் தமிழில். வானத்திலிருந்து இறங்கியவன், “ஏலே, இது எந்த ஊருலே? தாமிரவருணி எங்கிட்டு இருக்கு?” என்பான். பட்டாளத்தான், “வந்ததும் வராததுமா என்னலே கேள்வி? முதல்ல காலைக் கழுவிட்டு வாலே” என்பான். அச்சடித்திருந்தது அதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். வயல் நடுவில் தட்டு இறங்கியிருக்கும். பால் வாளியோடு ஒரு வெள்ளைக்காரக் குடியானவச்சி நிற்பாள். இறங்கியவன் அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருப்பான். “தாயி, வழி தவறி வந்துட்டோம், குடிக்கத் தண்ணி தா” என்று அவன் பேச்சைச் சொல்லிவிட்டு, அவர் என் பக்கம் திரும்பினார். “இவ என்ன சொல்லுதாளோ எனக்குத் தெரியலை. நீதான் சொல்லேன், ஏளா.” நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையும் வாளியையும் பார்த்தேன். பிறகு, “தண்ணி இருக்கு, ஆனா எங்க வீட்டுல ஆளில்லாத நேரம், வாசல்லயே நில்லுங்க” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டில் விளக்குப் போட்டார்கள். இந்த ஊரில் நான் வாய் திறந்து பேசினது அன்றைக்குத்தான். அவர் போனபிறகு அவர் குரல் வேண்டுமென்றால் எனக்கு அந்தப் பக்கத்தை விரித்தால் போதும். போட்டோவில் அவர் பேசமாட்டார்.

தபன் பந்தல் அலங்காரத்துக்குக் கேட்டபோது நான் கொடுத்தேன். “பூஜைக்குத் தாங்க மாஷிமா” என்றான், தந்தேன். திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் நவராத்திரியில் அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில் கொலுவுக்குப் பொம்மை இரவல் கேட்பார்கள். விஜயதசமி முடிந்தால் பழைய வேட்டியில் சுற்றி, கூடவே சுண்டலோடு, வீடு தேடித் திரும்பி வரும். மூக்கு உடையாமல் வரும். மாமியார் காலத்துப் பொம்மைகள் இன்னும் என் மரப்பெட்டியில் தூங்குகின்றன. கொடுத்தது வரும் என்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

சஷ்டியன்று பந்தல் திறந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க என் புத்தகங்கள். நகல் எடுத்து ஒட்டவில்லை, புத்தகத்தையே பிரித்து, மைதாப் பசை தடவி, பலகையில் ஒட்டியிருந்தார்கள். சில தட்டுகளை வட்டமாகக் கத்தரித்து நூலில் தொங்கவிட்டிருந்தார்கள். ஜனங்கள் அதில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பால் வாளிக்காரி வெளியே போகும் வாசல் பக்கம், என் தோள் உயரத்தில் இருந்தாள். பூஜை நடக்கிற பந்தலில் சுவரைப் பெயர்க்கச் சொல்லி யாரிடம் கேட்பது? கூட்டம் தள்ளியது, வெளியே வந்துவிட்டேன்.

இதே ஊரில் சால்ட் லேக்கில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். “அம்மா, அந்த காமிக்ஸ் எல்லாம் நெட்ல இருக்கும்மா. நான் டேப்லெட்ல இறக்கித் தரேன், கலர்ல, பெரிசா பாக்கலாம்” என்றான். “அது அப்பா வச்சிருந்ததுடா” என்றேன். “அப்பா வச்சிருந்த செருப்பைக்கூட நீ இன்னும் வச்சிருக்கே” என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் யாரிடமோ வங்காளியில் பேசப் போய்விட்டான். அவன் தமிழைவிட அது தெளிவாக இருக்கும். வளர்த்தது நான்தான், யாரைச் சொல்ல.

அஷ்டமியன்று மைக்கில் தபன் எனக்கு நன்றி சொன்னான். “நம்ம மெட்ராஸி மாஷிமா” என்றான். பேரன் எடுத்த வயதுவரை இந்தத் தெருவில் இருந்தும் எனக்கு அதுதான் பெயர். அம்மனுக்கு வலப்பக்கம் தெர்மகோலில் செய்த வேற்றுக்கிரகத்தான் நின்றான். வேட்டி கட்டி, ஜிப்பா மாட்டி, முன்னால் இலை போட்டு, ஒரு பெரிய மீன் துண்டும் வைத்திருந்தார்கள். பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததைத் தபன் எனக்குப் படித்துக் காட்டினான்: “இனி இவனும் நம்ம வீட்டுப் பிள்ளை.” வேற்றுக்கிரகத்தானுக்கு அந்த உறவு மூன்று நாளில் கிடைத்துவிட்டது. மீன் தின்றால் சீக்கிரம் கிடைக்குமோ என்னமோ.

அம்மன் கங்கையில் கரையப் போன மறுநாள் காலை பந்தலைப் பிரித்தார்கள். நானாகப் போய் நின்றேன். இது எனக்குப் பெரிய காரியம். “தபன், என் புத்தகம்” என்றேன், என் ஓட்டை வங்காளியில்.

அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “பூஜைக்குக் கொடுத்ததா? அதை யாராவது திருப்பிக் கேப்பாங்களா மாஷிமா? நேத்து அம்மாவையே தண்ணியில விட்டுட்டு வந்து அழுதுட்டு உக்காந்திருக்கோம்!”

“எங்க வீட்டுல பொம்மையைத் தண்ணியில போடமாட்டோம்.”

“பின்னே?”

“பெட்டியில வைப்போம்.”

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். “கேட்டியா தபன் அண்ணா, மெட்ராஸிங்க சாமியைக்கூடப் பெட்டியில பூட்டிடுவாங்க! கையை விட்டு எதையும் விடமாட்டாங்கப்பா!” எல்லோரும் சிரித்தார்கள். தபனும் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். “சரி, சரி, எது வேணும்னு காட்டுங்க மாஷிமா” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். நான் கேட்பதுதான் அவனுக்குக் கெட்ட பழக்கமாகப் பட்டது.

பலகைகளை லாரியில் ஏற்ற ஆள் நின்றது. அடுத்த மாதம் வரும் ஜகத்தாத்ரி பூஜைக்குச் சந்தன்நகர் என்கிற ஊரில் வேறு பந்தல், அங்கே இவற்றின்மேல் துணி அடிப்பார்களாம். நான் ஈரத்துணியால் அந்தப் பக்கத்தை ஒற்றி ஒற்றி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். பழங்காலத்துக் காகிதம், பசை உள்வரை இறங்கியிருந்தது. மெல்ல இழுத்தபோது பாதி என்னோடு வந்தது, பாதி பலகையோடு நின்றுவிட்டது. தட்டும், கை நீட்டினவனும் என் கையில். பால் வாளிக்காரியும் அவள் வயலும் பலகையில்.

“ஆச்சா, மாஷிமா?” என்றான் லாரிக்காரன். நான் ஒதுங்கி நின்றேன். பலகையைப் படம் வெளியே தெரியும்படி சாய்த்து ஏற்றினார்கள். லாரி தெருவைத் தாண்டித் திரும்பும்வரை அவள் வாளியோடு என்னைப் பார்த்தபடியே போனாள். எதிரே யாரும் இல்லாமல், பதில் சொல்ல வாய் திறந்த மாதிரியே.