மூன்று அகராதியும் ஒரு குதிரையும்

மேசைக்கு வந்ததும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். அது இல்லாவிட்டால் தன் கையே தனக்குத் தெரியாது. பிறகு ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானியம் என்று மூன்று அகராதிகளையும் தட்டித் தூசி போக்குகிறார். ஜன்னலை மட்டும் தொடமாட்டார். திறந்தால் லாயம் தெரியும். லாயத்தில் குதிரைகள் இருக்கும்.

குதிரை வாங்கி விற்கிற நிறுவனத்தில் இவர் மொழிபெயர்ப்பாளர். பதினெட்டு வருடமாகக் குதிரைகளின் விற்பனைக் காகிதங்களை மொழிபெயர்த்து, அவற்றின் நிறம் எழுதுகிறார். ஒன்றைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. லாயத்தில் இவருக்கு வைத்த பெயர் 'மேல்மாடி'. "குதிரை இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். காகிதம்தான் நிக்கும்" என்பார். வீட்டில் புதுச்சட்டை வாங்கினாலும் உறையில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டுத்தான் "நல்ல கலர்" என்று சொல்வார். போன வருடம் ஒரு குதிரை, உடம்பும் காகிதமும் ஒத்துப்போகாமல் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. "வெயில்ல நிக்க வெச்சிருப்பாங்க, வெளுத்திருக்கும்" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

இப்போது ஒரு பெண்குதிரை. அதன் ஸ்பானியக் காகிதத்தில் நிறம் 'பாயோ' என்று இருக்கிறது. இத்தாலியர்களிடமும் ஏறக்குறைய இதே சொல் உண்டு. அவர்களுக்கு அது செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி. ஆங்கிலத்தின் 'பே'யும் அதேதான். ஸ்பானியர்களுக்கு மட்டும் வெளிர்மஞ்சள். மூன்று அகராதிகளையும் விரித்துப் பார்த்தவர், "ரெண்டு பேரு ஒரு பக்கம், ஒருத்தன் மட்டும் தனியா. மெஜாரிட்டி எங்க இருக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, செம்பழுப்பு என்று தட்டச்சு செய்துவிட்டார்.

அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவன் இவர் மனைவியின் தம்பி. நாளைக் காலை அதோடு கப்பலேறி, வாங்கியவரிடமே வேலைக்குச் சேர வேண்டியவன். குதிரை திரும்பினால் அவனும் திரும்ப வேண்டியதுதான். இங்கே அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு இரண்டு நாளாகப் படியேறி இறங்குகிறான்.

"அத்தான், அது மஞ்சள் அத்தான்! எட்டுப் படி எறங்கினா தெரிஞ்சிடும்."

"மச்சான், உனக்குக் குதிரை தெரியும், எனக்கு மொழி தெரியும். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போமே?"

அவன் இறங்கிப் போனான். சற்று நேரத்தில் வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. பதினெட்டு வருடமாகச் சாத்தியிருந்த ஜன்னல் கதவை அவன் வெளியிலிருந்து இழுத்துத் திறந்தான். தாழ்ந்த மாடிதான், குதிரை தலையை உள்ளேயே நீட்டிவிட்டது. நடுப்பகல் வெளிச்சத்தில் அதன் முகம் வெளிர்மஞ்சளாக மின்னியது. அது விட்ட மூச்சில் ஸ்பானிய அகராதியின் பக்கங்கள் படபடவென்று புரண்டன.

"இப்ப பாத்துச் சொல்லுங்க அத்தான்." கீழிருந்து வந்த குரல் தழுதழுத்தது. "இது என்ன கலரு?"

பார்த்தார். கண்ணெடுக்காமல் பார்த்தார். மஞ்சள் என்றால் தாளைக் கிழிக்க வேண்டும். அப்புறம் போன வருடத்துக் குதிரையைப் பற்றியும் முதலாளி கேட்பார்.

கண்ணாடியைக் கழற்றினார். மடித்துக் கூட்டுக்குள் வைத்து மூடினார். பிறகு மேசையில் கையால் துழாவி முத்திரையைத் தேடி எடுத்து, செம்பழுப்பின் மேல் அழுத்திக் குத்தினார்.