ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு குடித்தனம்

அநியாயம் நடந்தது ஒரு தேனீக் கூட்டத்துக்கு. அரிப்பு என்கிற கடற்கரை ஊரில், ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் குடியிருந்த குற்றத்துக்காக, திருவிழாவுக்கு முன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொல்வதென்று தீர்ப்பு. நான் பல்கலைக்கழக விடுமுறையில் தேன்கூடுகளை இடம் மாற்றுகிறவள். இந்தத் தொழிலில் தேனீயிடம் கொட்டு வாங்குவதைவிட மனிதரிடம் வாங்குவதுதான் கூட. வீடு வீடாய்ப் போய் நல்லது சொல்லி ஏச்சு வாங்கினவர்களுக்கு இது விளங்கும்.

திரி வழக்கு

கோயிலைத் திறந்து பூட்டி மெழுகுதிரி ஏற்றுகிற சங்கிலித்தாம் சூசையப்பு மண்ணெண்ணெய்க் கானோடு நின்றார். நான் விடவில்லை. "பெரிய சனிக்கு, ஈஸ்டர் இராப்பூசையில, மெழுகுதிரி கொளுத்தேக்க மெழுகு தந்த தேனீயைப் புகழ்ந்து பாடுறியள். அதையே கொல்லுறது நியாயமோ?" அவர் யோசித்தார். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"இப்ப திரி கடையில வாங்கிறது, பிள்ளை. நாளை இரவுக்குள்ள எடுத்துக்கொண்டு போ."

காலமை மருந்து

எடுத்து எங்கே வைப்பது? கடற்கரை வீடுகளில் எல்லாரும் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே, வயற்கிராமத்தில் பூசணி போட்டிருந்த கனகரத்தினம் அண்ணை மட்டும் ஓம் என்றார். அவருடைய பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது. சட்டியில் தண்ணீர் வைத்து, தேனீ நின்று குடிக்கக் கல்லும் போடச் சம்மதித்தார். மருந்தில்தான் பிடுங்குப்பாடு. பூ விரிகிற காலமை நேரம் பார்த்து மருந்தடிக்கிறார். தேனீ வருவதும் அப்போதுதான். பூ சுருங்கின பிறகு, பின்னேரம் அடியுங்கோ, உங்களுக்குக் காய் தாறதே அதுகள்தான் என்று அரைமணித்தியாலம் வாதாடினேன்.

"பின்னேரம் எனக்குக் கரப்பந்து விளையாட்டு, தங்கச்சி. பூச்சிக்காக ரீமை விடுறதோ?"

ராணி எங்கே?

அடுத்த நாள் பொழுதுபட, கூட்டம் முழுதும் வீடு திரும்பியதும் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்தேன். தேனடைகளை வெட்டி, மரச்சட்டங்களில் நூலால் கட்டி, என் பெட்டிக்குள் வைத்தேன். ராணியைக் காணவில்லை. அவள் வராவிட்டால் ஒருத்தரும் வரமாட்டினம். பின்னால் சூசையப்பு கானை ஆட்டிப் பார்க்கிற சத்தம். கடைசியாய் மூலையில் திரண்டிருந்த ஒரு கொத்தை அப்படியே கையால் அள்ளிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மிச்சமெல்லாம் வரிசையாய் உள்ளே நடக்கத் தொடங்கின. ராணி அந்தக் கொத்துக்குள்தான் இருந்திருக்கிறாள். சூசையப்பு கானைக் கீழே வைத்தார்.

"கோயிற்சபைக் கூட்டத்துக்கு இப்படி ஒழுங்காய் ஆர் வந்தவை?"

நீலக் குறி

பெட்டியைப் பூசணித் தோட்டத்தில் வைத்துவிட்டு, விடுமுறை முடிந்து கம்பஸ் திரும்பினேன். 'மருந்து எப்ப அடிக்கிறியள்?' என்று அண்ணைக்கு வட்ஸ்அப்பில் கேட்காத நாளில்லை. பார்த்ததற்கு நீலக் குறி விழும், பதில் வராது. எல்லாம் செத்துப் போச்சுதுகள் என்றே நினைத்தேன். மூன்றாம் கிழமை குரல் பதிவு வந்தது. வாதாடுகிறவள் வென்றாலும் அவளுக்கு ஓய்வில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி:

"பின்னேரம்தான் அடிக்கிறன், தங்கச்சி, பூசணி பிடிச்சிட்டுது. பக்கத்துத் தோட்டக்காரன்தான் இன்னும் காலமை அடிக்கிறான். வந்து அவனோடையும் ஒருக்காச் சண்டை பிடியுங்கோ."