பேரிங் போச்சு, மாமா!

ஊரில் கோயில் கொடைத் திருவிழாவை முடித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத் தாராவிக்குத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை காலை பட்டறையைத் திறந்து கடைசல் மிஷினைப் போட்டேன். தடக், தடக், தடக் என்றது. முப்பது வருடம் மரம் கடைந்த அனுபவசாலி என்ன செய்வான்? மிஷினை நிறுத்திவிட்டு நிதானமாக யோசிப்பான். நானும் நிறுத்தினேன். யோசிக்கிற பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, சந்து முனையில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கும் பாயின் மகளுக்கு நிக்காஹ். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் மாமா, மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மகளின் கட்டிலுக்குக் கால் கடைய நான்கு தேக்குக் கட்டைகளை நான் ஊருக்குப் போகும் முன்பே இறக்கிவிட்டிருந்தார். "வந்த அன்னைக்கே முடிச்சிருதேன் மாமா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என் பட்டறைக்கு வருகிற வேலையில் பாதி அவர் கடையிலிருந்து வருவது. இந்தக் காலில் சொதப்பினால் அந்தப் பாதியும் போய்விடும்.

எந்தச் சத்தத்துக்கு எந்த நோய் என்று எனக்குத் தெரியும். கீச்சிட்டால் மரத்தின் முனையில் எண்ணெய் இல்லை. கடகடத்தால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது. உறுமினால் பேரிங். இந்தத் தடக் தடக் எதிலும் சேரவில்லை. சேராவிட்டால் என்ன, இருப்பதிலேயே பெரிய நோயை எடுத்துக்கொண்டேன். நெஞ்செரிச்சல் வந்ததும் உயில் எழுத உட்காருகிற ரகம் நான்.

பத்து நிமிடத்தில் பாய்க்கு மூன்று போன். முதலில், "கொஞ்சம் சத்தம் வருது மாமா." அடுத்து, "பேரிங் போச்சு, மாமா!" மூன்றாவதாக, என் பெருந்தன்மையில் நானே நெகிழ்ந்துபோய், "கட்டைய வேற யார்ட்டயாவது குடுத்துருங்க மாமா."

அதற்குப் பிறகுதான் பரிசோதனையே. நீளமான திருப்புளியைப் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தேன். தடக், தடக்.

"கேட்டியா? செத்துட்டு" என்றேன் மனைவியிடம்.

"மிஷினு நின்னுல்லா கெடக்கு. நீங்க கேக்கது ஒங்க நெஞ்ச. அந்த மெக்கானிக்குக்குப் போனப் போடுங்க."

மெக்கானிக் கல்யாணில் இருக்கிறான். என்ன சத்தம் என்று கேட்டான். வாயாலேயே போட்டுக் காட்டினேன். மூன்றாவது தடக்கில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அண்ணாச்சி, போன தடவ லோக்கல் டிரெயின் மாதிரி கத்தி ஏமாத்துனீங்க. இது எந்த வண்டி?" என்றான் போனில்.

"வெளையாடலடே, மிஷினுதான்."

"டென்ஷன் நை லேனேகா, பதறாதீங்க. சுவிட்ச ஆஃப் பண்ணி, பெல்ட்டக் கழட்டிட்டு மிஷின் தண்டக் கையால சுத்துங்க."

தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. செத்துப்போனதாக நான் அறிவித்த பேரிங் அதுதான்.

"இப்ப மோட்டார மட்டும் ஓட்டுங்க."

சத்தமே இல்லை.

"ரெண்டும் நல்லாருக்கு. நடுவுல என்ன இருக்கு?"

"பெல்ட்டு."

"ஊருக்குப் போம்போது தளத்தி விட்டீங்களா?"

"நல்லா இறுக்கிட்டுல்லா போனேன்." பஸ் மேல் மூட்டையை இறுக்கிக் கட்டுகிற புத்தி எனக்கு.

"ஒரு மாசம் ஒரே எடத்துல வளைஞ்சு கெடந்தா கூனிப் போவாதா? மாட்டி அரை மணி நேரம் சும்மா ஓட விடுங்க. நிமுந்துரும்."

மாட்டி ஓட விட்டேன். தடக் மெல்ல மெல்ல மங்கி, அரை மணிக்குள் காணாமல் போனது. நிம்மதியாக மூச்சு விட்டேன். பாதி மூச்சில் அந்த மூன்றாவது போன் ஞாபகம் வந்தது. பாயின் நம்பரை அழுத்தினேன். மணி வாசலில் அடித்தது. பாய் நின்றார், பின்னால் ஒரு கைவண்டிக்காரர்.

"கட்ட எங்க? குர்லாவுல கடையிறவன்ட்ட பேசிட்டேன்."

"மாமா, மிஷின் சரியாயிட்டு."

"பேரிங் போச்சுன்னு சொன்ன?"

"போவல மாமா."

"பின்ன?"

"பெல்ட்டு… கொஞ்சம் கூனிப் போச்சு."

"ஒரு ரப்பர் கூனுனதுக்கா, கலியாண வேலையப் போட்டுட்டு என்ன ஓட வச்ச?"

மிஷினை நிறுத்தி, மறுபடி போட்டுக் காட்டினேன்.

பாய் மிஷின் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டில் மிஷினைத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

"ஒரு காலக் கடை. பாப்போம்."

கைவண்டிக்காரர் வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டார். பாய் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு காலைக் கடைவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முடித்துக் கொடுத்ததும் கட்டை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார்.

"ம். அடுத்தது."

அப்புறம்தான் வண்டிக்காரரிடம், "குர்லா கேன்சல், பையா. சாயங்காலம் வீட்டுக்குத்தான்" என்றார்.

நான்காவது கால் முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்த இரண்டு டீயையும் அந்த டப்பா மேலேயே உட்கார்ந்து குடித்தார். கடைசியில் நான்கையும் தரையில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்து, வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம பிரியாணிக்கு வா மாப்ள. அதுவரைக்கும் எனக்குப் போன் போடாத."