நான் இறக்கி வைத்த பென்சில் கோடு

தொண்ணூற்று நாலாம் வருடம், ஜூன் மாதம். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு சாயங்காலம் மழையில் நனைந்திருந்த மாடிப்படியில் என் கணவர் வழுக்கி விழுந்தார். வலது தோளில் எலும்பு முறிவு.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு இங்கே ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. தலைக்கு மேலிருக்கும் அலமாரியிலிருந்து புடவையை உருவி, ஒரே வீச்சில் விரித்து, முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். மீசைக்கார மனிதர் புடவையும் கையுமாக நிற்பதைப் பார்த்து முதலில் சிரிக்கிற பெண்கள், கடைசியில் அதே புடவையைத்தான் எடுப்பார்கள். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. தீபாவளிக்குள் கை சரியாகிவிட்டால் அதே இடம், இல்லாவிட்டால் வேறு பிரிவு என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

எலும்பு கூடியதும் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா ஒரு பயிற்சி சொல்லித் தந்தார். சுவருக்கு முன்னால் நின்று, விரல்களை எறும்பு ஊர்வது போல மேலே மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் கையை இறக்கக் கூடாது.

"கைதான் சார் அடிபட்டிருக்கு, கால் நல்லாத்தானே இருக்கு? காலையில பார்க்ல நாலு ரவுண்டு நடங்க. உடம்பு சுறுசுறுப்பா இருந்தா கையும் சீக்கிரம் வழிக்கு வரும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வலிக்கும்மா. வலிக்கத்தான் செய்யும். அவர் பண்றப்போ நீங்க பக்கத்துல நிக்காதீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கட்டிய மனைவி நிற்காமல் பக்கத்து வீட்டுக்காரியா நிற்பாள்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போனது. காலையில் பனகல் பூங்காவைச் சுற்றிவிட்டு வருவார், சுவர் முன்னால் நிற்பார், நான் கோடு போடுவேன். ஆனால் தோள் உயரத்துக்கு வந்ததும் வலி ஆளைக் கொன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடுவார். ஒரு நாள் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தன் அப்பா செத்தபோதுகூட அழாத மனிதர்.

அவர் குளிக்கப் போனதும் ரப்பரை எடுத்தேன். அன்றைய கோட்டை அழித்து, இரண்டு விரக்கடை கீழே போட்டேன். சந்தேகம் வரக் கூடாதே என்று பழைய கோடுகளையும் அழித்துவிட்டு நெருக்கி நெருக்கிப் போட்டேன். மறுநாள் அவர் அதைச் சுலபமாகத் தாண்டினார்.

"ஏட்டி, இங்க பாரு! தாண்டிட்டேம்லா! இன்னைக்கு அவ்வளவா வலியே இல்லட்டி!"

அந்த முகத்தைப் பார்த்தபோது நான் ஏதோ பெரிய வைத்தியம் பண்ணிவிட்டது போலிருந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் குளிக்கப் போவார், நான் கோட்டை இறக்குவேன். தினம் ஒரு நூல் ஏறினால் போதும், அன்றைய கணக்கு முடிந்துவிடும். கூட்டத்தில் யாராவது தோளில் இடித்துவிடுவார்கள் என்று பூங்கா நடையையும் நிறுத்தினேன். சட்டை மாட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன், சோற்றைப் பிசைந்துகூடக் கொடுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தம்மா அவர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தோளுக்கு மேல் ஏறவில்லை.

"வீட்ல தினமும் பண்ணீங்களா சார்?"

"ஒரு நாள் விடலம்மா. தெனமும் கோட்டத் தாண்டியிருக்கேன். வேணும்னா இவகிட்ட கேளுங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தார். "ஆமா, தினமும் பண்ணார்" என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூட்டு இறுகிவிட்டது, இனி எவ்வளவு முயன்றாலும் பழைய மாதிரி வருவது கஷ்டம் என்றார் அந்தம்மா. வெளியே வந்ததும் இவர், "எவ்வளவோ பண்ணியாச்சு. எனக்கு ஒடம்பு வாகு அப்படி போல" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

தீபாவளிக்கு அவரைக் கீழ்த்தளத்தில் விற்ற துணிகளைப் பெட்டி கட்டும் இடத்தில் உட்கார்த்தினார்கள். மேலே பட்டுப் பிரிவில் வேறு ஒருவர் முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. அந்தச் சுவரிடம் வந்ததும் இவர் தடுத்தார். "இத மட்டும் விட்ருங்க. அவ்வளவும் நான் பட்ட பாடு, அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆளை அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். ஓங்க அந்தக் கை ஏறாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் சுவரிலிருந்த கோடுகளை விரலால் தடவினார்.

"வலி எனக்குத்தானட்டி. நான் தாங்கிட்டுத்தான இருந்தேன்? தாங்க மாட்டேன்னு நீயா ஏன் முடிவு பண்ணுன?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு அந்த ஆள் மூலையில் விட்டுப்போன வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, இடது கையாலேயே எல்லாக் கோடுகள் மேலும் வெள்ளையடித்தார்.

மறுநாள் விடிந்ததும் பூங்காவுக்கு நடக்கக் கிளம்பியவர் இன்றுவரை விடவில்லை. வந்ததும் சுவர் முன்னால் நின்று விரல்களை ஏற்றுகிறார். அவை அதே தோள் உயரத்தில் நின்றுவிடுகின்றன. நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அந்தம்மா அன்று சொன்னது இவ்வளவுதான், அதை நான் காலத்தோடு செய்திருந்தால் என் கணவர் கை இன்று தலைக்கு மேல் ஏறியிருக்கும்.