அம்பர் கல்லுக்குள் ஒரு பங்காளி

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்கு நான் துபாஷியாக இருந்த காலத்தில், என் மனைவியின் தம்பியை ஒரு செத்த பூச்சிக்காகக் கொட்டடியில் அடைத்தார்கள். இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. அவர்கள் ஒல்லாந்தரிடம் வேலை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மைத்துனனுக்குக் கோட்டையில் மணி தீட்டும் வேலை. கப்பலில் அம்பர் கல் கரடாக வந்து இறங்கும். வாசனைக்கு விற்கும் அம்பர் வேறு, இது வேறு. இது அவர்கள் ஊர்ப்பக்கத்துக் குளிர்கடலின் கரையில் ஒதுங்கும் தேன்நிறக் கல். கல் என்று பேர்தானே தவிர, கையில் எடுத்தால் கனம் இருக்காது. துணியில் தேய்த்து நீட்டினால் வைக்கோல் துணுக்கு வந்து ஒட்டும். மேலே அழுக்குத் தோல் படிந்திருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தோலைச் சீவி, தேய்த்து, பளபளப்பாக்கி, துளை போட்டுக் கொடுத்தால் கும்பினியார் அதை உள்நாட்டு அரண்மனைகளுக்கு விற்பார்கள்.

அப்படி ஒரு கல்லைத் தீட்டும்போதுதான் நடுவில் பூச்சி தெரிந்தது. இறக்கைகளை ஓட்டுக்கூரை போல மடித்துக்கொண்டு, நீண்ட மீசையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, இப்போதுதான் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. மைத்துனன் சந்தோஷம் தாங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு பெரிய துரையிடம் ஓடினான். கோட்டைத் தலைவரான அவர் தன்னை மெச்சுவார் என்று நினைத்தான். சின்ன வயது, அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

பெரிய துரை சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். கல்லை வாங்கிப் பார்த்த அதே மூச்சில் விசாரணையை முடித்துவிட்டார். அம்பர் கடலில் கிடைப்பது. கடலுக்கடியில் பூச்சி பறக்காது. ஆகையால் இது அம்பர் அல்ல. இவன் நல்ல கல்லைத் திருடி விற்றுவிட்டு, குங்கிலியத்தை உருக்கி, உள்ளூர்ப் பூச்சி ஒன்றை அதில் அமுக்கிக் கொண்டுவந்திருக்கிறான். குற்றம் உறுதியானால் காலில் சங்கிலி போட்டு அடுத்த கப்பலில் கடல் தாண்டி அவர்களுடைய பத்தாவியாவுக்கு அனுப்புவது வழக்கம். அங்கே அனுப்பப்பட்டவர்கள் யாரும் திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "திருடுறவன் இன்னாத்துக்குப் பூச்சியப் போட்டு தொரைகிட்டயே எட்த்துனு போய்க் காட்டுவான்?"

நியாயமான கேள்வி. மறுநாள் அதை ஒல்லாந்து மொழியில் துரையிடம் பணிவாகக் கேட்டேன். அதுதான் அவனுடைய தந்திரம் என்றார். கும்பினியின் கண்ணில் புத்தியில்லாத உள்ளூர்க்காரன் திருடன், புத்தியுள்ள உள்ளூர்க்காரன் பெரிய திருடன். மூன்றாவது வகை ஒன்று இருப்பதாக அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

கோட்டை வைத்தியர் கொஞ்சம் வேறு மாதிரி. நோயாளிகளைவிடப் பூச்சிகளின் மேல் அவருக்கு அக்கறை அதிகம். அவரிடம் போன நோயாளிகளின் கதியைப் பார்த்தால் அது ஊருக்கு நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். தமிழும் ஓரளவு பேசுவார். அம்பர் கடலில் விளைவதல்ல, பழைய மரத்தின் பிசின் இறுகிக் கல்லானது என்று அவர்தான் துரைக்குச் சொன்னார். குங்கிலியமா அம்பரா என்று கண்டுபிடிக்க ஒரு சொட்டுச் சாராயம் போதும் என்றும் சொன்னார். சாராயம் பட்டால் குங்கிலியம் பிசுபிசுக்கும், அம்பர் அசையாது. சொட்டு விட்டார். கல் அசையவில்லை. மைத்துனன் பிழைத்தான் என்று நான் மூச்சு விடுவதற்குள் துரை கையை உயர்த்தினார். கோட்டைச் சாராயத்தில் பாதி தண்ணீர், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். தண்ணீர் கலந்தவர்கள் எல்லோரும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசியில் வைத்தியரே வேறு வழி சொன்னார். இது இங்கே செய்த போலி என்றால் உள்ளே இருப்பது இந்த ஊர்ப் பூச்சியாக இருக்க வேண்டும். ஊர்ப் பூச்சிகளைப் பிடித்து வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றார். துரைக்கு இது பிடித்துப்போயிற்று. உத்தரவு போடுகிற வேலை எதுவாக இருந்தாலும் அவருக்குப் பிடிக்கும்.

குப்பங்களில் தண்டோரா போட்டார்கள். வலை வேலையை விட்டுவிட்டுப் பூச்சி பிடி என்றால் மீனவர்கள் என்ன நினைப்பார்கள்? துரைக்குப் பித்தம் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள், இருந்தாலும் கொண்டுவந்தார்கள். சட்டி சட்டியாக வந்தது. கொசு, வண்டு, தும்பி, கருவாட்டில் மொய்க்கும் ஈ என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரு புண்ணியவான் குளவிக் கூட்டையே அப்படியே பானையில் போட்டு மூடிக்கொண்டு வந்து, துரையின் மேஜை மேல் வைத்துத் திறந்தான். அன்றைக்கு நான் மொழிபெயர்க்க வேண்டிய வார்த்தைகள் பல எனக்கே புதியவை.

எத்தனை சட்டி வந்தும் கல்லுக்குள் இருந்த பூச்சிக்கு ஜோடி கிடைக்கவில்லை. உப்பங்கழியைச் சுற்றி அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் மைத்துனனை விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

அந்தத் தைரியத்தை என் மனைவி கெடுத்தாள். தம்பிக்குச் சோறு கொண்டுவந்தவளிடம் வைத்தியர் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, பார் என்றார். அவள் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுவா? எங்க காட்டூர் ஏரிக்கரையில சாயங்காலம் வெளக்கேத்தினா வந்து மொய்க்குமே வைத்தியரய்யா. இதோட புழு தண்ணிக்குள்ள மணலையும் குச்சியையும் ஒட்டிக்கினு, குழாய் மாதிரி கூடு கட்டிக்கினு இருக்கும். சின்னதுல நானும் தம்பியும் புடிச்சு வெளாடுவோம்."

எனக்கும் அது தெரியும். நானும் காட்டூர்க்காரன்தான். தெரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வைத்தியர் காதில் விழுவது துரை காதுக்கும் போகும் என்பதை அவள் மறந்தாளோ, அல்லது தம்பிக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்தாளோ, எனக்கு வந்த கோபத்தில் கேட்கத் தோன்றவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனின் சொந்த ஊர் ஏரியில் அந்தப் பூச்சி பறக்கிறது என்ற செய்தி மாலைக்குள் துரைக்குப் போய்விட்டது. காட்டூருக்கு ஆள் போயிற்று. மறுநாள் ஒரு சட்டி நிறைய வந்து இறங்கியது. அதே கூரை இறக்கை, அதே மீசை.

விசாரணை நாளன்று துரை நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் வைத்தியர், மறுபக்கம் பாதிரியார். பூச்சியைக் காட்டூரில் கண்டவள் என்று என் மனைவியைச் சாட்சியாக நிறுத்தினார்கள். மைத்துனன் விலங்கோடு நின்றான். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தான். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான். என் வீட்டுச் சாவை நானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய உத்தியோகம்.

வைத்தியர் முதலில் பேசினார். காட்டூர்ப் பூச்சியும் கல்லுக்குள் இருப்பதும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஒன்றல்ல என்றார். கல்லுக்குள் இருப்பதற்குக் காலில் ஒரு முள் அதிகம். இறக்கை நரம்பு பிரிகிற இடமும் வேறு. காட்டூர்ச் சட்டியில் எதை எடுத்துப் பார்த்தாலும் அந்த முள் இல்லை. ஆகவே இவை ஒரே வம்சத்தில் எப்போதோ பிரிந்துபோனவை என்றார். அதைத் தமிழில் 'பங்காளி' என்று சொன்னேன். நெல் வயல் வைத்திருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பூச்சியின் புழு உப்பில்லாத நல்ல தண்ணீரில்தான் வளரும். அப்படியென்றால் இந்தக் கல் கிடைத்த குளிர்கடல் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் காடு இருந்திருக்கிறது. காட்டுக்குள் ஓடையோ குளமோ இருந்திருக்கிறது. கரைமரத்தின் பிசினில் இது ஒட்டிக்கொண்டது. கடல் பிறகு வந்தது. பிசின் கல்லாகவும், பங்காளிக்கு முள் உதிரவும் எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ, தன்னால் எண்ண முடியவில்லை என்றார். அந்த மனிதரை எனக்கு முதல் முறையாகப் பிடித்தது.

பாதிரியார் எழுந்தார். கடவுள் ஒவ்வொரு உயிரையும் ஆதியில் ஒரே வாரத்துக்குள் அதனதன் சாதியாகப் படைத்து முடித்துவிட்டார். அதன் பிறகு எதுவும் மாறவில்லை. ஏறக்குறைய ஒன்று என்ற சரக்கே படைப்பில் கிடையாது. ஒன்று அது காட்டூர்ப் பூச்சி, இல்லையென்றால் அல்ல. இவ்வளவு ஒத்திருப்பதால் அது காட்டூர்ப் பூச்சியே. முள் என்பது பிசினில் விழுந்த கீறல். ஆகையால் கல் போலி, இவன் திருடன்.

ஒரு பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப் பாதிரியாருக்கு மனம் வரவில்லை, அதற்காக என் மைத்துனன் சங்கிலியோடு கடல் தாண்ட வேண்டும். பாதிரியார் சொன்ன எல்லாவற்றையும் நான் வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னேன். துரை தலையை ஆட்டிக்கொண்டே இறகுப் பேனாவை எடுத்தார்.

என் மனைவி கேட்டாள்: "அச்சு அசலா ஒண்ணு மாதிரி இல்லன்னா ஒறவே இல்லன்றாரா பாதிரி?"

ஆமாம் என்றேன்.

"அப்ப மதில் ஓரமா புள்ளைங்க வெளாடுதுங்களே, நம்ம நெறத்துல, பூனைக்கண்ணும் தொரை மூக்குமா, அதுங்கள இன்னான்னு சொல்றது? அதுங்களும் கீறலா? கேட்டுச் சொல்லுங்க."

வைத்தியருக்கு இருமல் வந்தது. துரை என்னைப் பார்த்து, அவள் என்ன சொல்கிறாள் என்றார். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ காரமான பேச்சைச் சர்க்கரை தடவிக் கொடுத்திருக்கிறேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று தடவவில்லை. பூனைக்கண், மூக்கு, மதில் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

துரையின் காது சிவந்தது. பாதிரியார் வேதப்புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். அந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான், யார் வீட்டு மூக்கு என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. துரை பேனாவைக் கீழே வைத்தார். வெயில் அதிகமாக இருக்கிறது, விசாரணை போதும் என்றார்.

மறுநாள் மைத்துனனை விட்டுவிட்டார்கள். கல் அசல் அம்பர்தான் என்று கும்பினி தீர்மானித்தது. காரணம் எதையும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வைத்தியரின் பேச்சை ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை.

அசல் என்று ஆனபின் அதை ஓர் அரசரின் தூதருக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தார்கள். தூதர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிணம் கிடக்கும் கல்லை அரசர் கழுத்தில் போட முடியாது என்று திருப்பிவிட்டார். பூச்சி இருக்கும் இடத்தில் துளை போட்டு மணியாக்கிக் கொண்டுவரச் சொல்லித் துரை உத்தரவிட்டார். கல் மைத்துனனிடமே வந்தது.

அவன் துளைத்தபோது நானும் என் மனைவியும் பட்டறையில் இருந்தோம். மஞ்சள் தூள் விழுந்தது, நடுவில் கொஞ்சம் கறுப்பாக விழுந்தது, பிறகு மறுபடியும் மஞ்சள். வைத்தியர் ஒருமுறை பூச்சியைப் பார்த்து வரைந்துகொள்ளலாம் என்று காகிதத்தோடு ஓடிவந்தார். மணியை வாங்கித் துளை வழியாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பாவமா இல்லியாடா? அதால தானே பொழைச்ச?" என்றாள் என் மனைவி.

"அதால தானக்கா உள்ள போனேன்" என்றான் அவன்.

பெட்டியிலிருந்து அடுத்த கல்லை எடுத்து அழுக்குத் தோலைச் சீவினான். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். ஓரத்தில் இறக்கை நுனி ஒன்று தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. வாசலில் துரையின் ஆள் யாராவது நிற்கிறானா என்று பார்த்துவிட்டு, அந்த ஓரத்தை அரைக்கல்லில் வைத்துத் தேய்த்தான். தூள் மட்டும் மிஞ்சும் வரை தேய்த்தான்.