மாமியின் மூன்று கவளம்

கல்மண்டபம் சந்தையில் என்ன மீன் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. "கொழம்புக்கா, வறுவலுக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலைச் சொன்னால் மீனை அவர்களே முடிவு செய்வார்கள். மட்டக்களப்பில் நாங்கள் மீனின் பெயரைச் சொல்லி வாங்குவோம்; வீட்டுக்குக் கொண்டுபோய் அதை என்ன செய்கிறோம் என்பது விற்பவருக்கு வேண்டாத கதை. ஆகவே முதல் நாள் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதிலைச் சொன்னேன். "தெரியாது." லட்சுமியக்கா அருவாமனையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, வூட்ல சமைக்கப் போறது யாரு?"

"நான்தான்."

"நீயா?" என்றவர் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினார். "தோ பாருடி, நம்ம கன்னிம்மா மருமவன். இதான் சமைக்கப் போவுதாம்."

"மாமிக்குத்தான் அக்கா. உறைப்பு இல்லாம வைக்கோணும்."

"மாமியா! எங்க கன்னிம்மாவுக்கு மடிசாரு கட்டிவுட்டியே நைனா!"

வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் நாட்டில் மனைவியின் தாய் மாமி. இங்கே மாமி என்றால் ஐயர் வீட்டுப் பெண். மீன் விற்கும் கன்னியம்மாவை அப்படி அழைத்தது அந்தச் சந்தைக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான வேடிக்கையாக இருந்தது. லட்சுமியக்கா நாலு கிழங்கான் மீனைச் சுத்தம் செய்து பையில் போட்டார். "ஒடம்பு முடியாதவங்களுக்கு இதான். வவுத்தை ஒண்ணும் பண்ணாது. எடுத்துக்கினு போ." அவர் கடைக்கு அடுத்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, மேலே ஒரு சாக்கு. அது மாமியின் இடம். அறுவைச் சிகிச்சைக்கு அவர் போன நாளிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை.

நான் இந்த நகரத்துக்கு வந்து ஏழு மாதம். வாணியைக் கத்தாரில் சந்தித்தேன். இருவரும் ஒரே கிடங்கில் வேலை. அதற்கு முன் மட்டக்களப்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். திருமணத்துக்குப் பிறகு எந்த ஊர் என்று பேசியபோது, தனியாக இருக்கும் தன் தாயோடு இருக்கலாம் என்றாள் வாணி. எனக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. எங்கள் கிழக்கு மாகாணத்தில் மருமகன் பெண்வீட்டில் குடியிருப்பதுதான் வழமை. இங்கே அதற்கு 'வூட்டோட மாப்ள' என்று ஒரு பெயர் இருப்பதும், அதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை என்பதும் வந்த பிறகுதான் தெரிந்தது. கனடாவிலும் நார்வேயிலும் இருக்கும் என் நண்பர்கள் குளிரைப் பற்றியும் நேர வித்தியாசத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து வந்திறங்கிய நாளில் கைக்கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே வெயில், அதே கடல், அதே மொழி என்று எண்ணிக்கொண்டு வந்தவன் நான். அந்நியர் பதிவுப் படிவத்தில் நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் நிரப்பிய பிறகும் வித்தியாசம் பெரிதாகத் தோன்றவில்லை.

ராயபுரத்தில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. ஒரு கூடம், சமைக்க ஒரு குசினி. குசினி ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையும், அதற்கு அப்பால் பாரந்தூக்கிகளின் தலையும் தெரியும். வயிற்றுப் புண்ணுக்கு அறுவை செய்து மாமியை வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவர் மூன்று விஷயங்கள் சொன்னார். ஒரு மாதத்துக்குக் குனியவோ பாரம் தூக்கவோ கூடாது. நாளுக்கு ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தலைசுற்றல் இருப்பதால் சாப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். எடை நாற்பத்தொரு கிலோ. நாற்பதுக்குக் கீழே போனால் மறுபடி சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்றார். மாமி பக்கத்துக் கட்டிலில் குழாயோடு கிடந்த பெண்ணைப் பத்து நாள் பார்த்தவர். ஆட்டோவில் வரும்போது வாணியின் கையைப் பிடித்து, "இன்னா ஆனாலும் அத மட்டும் போட வுட்றாதடி" என்று ஒரு தடவைதான் சொன்னார்.

வாணியின் விடுப்பு முடிந்தது. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. காலை ஏழரைக்குப் போனால் திரும்ப இரவு எட்டாகும். நான் கொழும்பு இணைய இதழ் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே செய்தி திருத்துகிறவன். ஆகவே குசினி என்னிடம் வந்தது. நான் அதை விரும்பவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கத்தாரில் ஆறு பேர் முறைவைத்துச் சமைத்த அறையில், நாலு வருடமும் என் முறையைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் வேலையை வாங்கிக்கொண்டவன் நான். வெங்காயம் எப்போது வதங்கியது, எப்போது கருகியது என்ற எல்லை எனக்குப் பிடிபட்டதே இல்லை.

இருந்தாலும் செய்தேன். மருத்துவர் சாப்பாட்டின் அளவைக் குறித்துவரச் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரிந்த வேலை. மாமி சுவரோரமாகத் தரையில் உட்காருவார். நான் எதிரே நாற்காலியில், குறித்துவைக்க ஒரு கொப்பியுடன். காலை எட்டுப் பத்து: இட்லி, பாதி. பத்தரை: கஞ்சி, மூன்று மிடறு. ஒரு மணி: சோறு, மூன்று கவளம். எந்த நாளும் மூன்றுதான். பிறகு முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "போதும் மாப்ள. நல்லாகீது" என்பார். சந்தையில் விலை கேட்டுவிட்டு நகர்கிறவனைத் தெருமுனையிலிருந்து திரும்ப வரவழைக்கும் குரல் அவருடையது என்று வாணி சொல்லியிருக்கிறாள். எனக்குக் கேட்டதெல்லாம் இந்த முணுமுணுப்புத்தான்.

என் சமையல்தான் பிழை என்று முடிவுசெய்தேன். மிளகாய்த்தூளைக் குறைத்தேன். புளியை விட்டேன். எங்கள் ஊர் முறையில் தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுச் சொதி வைத்தேன். லட்சுமியக்கா அதைக் கேட்டுவிட்டு, "சொதியா? அது இன்னா மீனு?" என்றார். மாமி அதிலும் மூன்று கவளம் சாப்பிட்டார். அதுவும் நல்லாகீது. நான் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கி, நேர் எதிரே, இன்னும் கிட்ட உட்கார்ந்து, எந்தக் கவளத்தில் முகம் சுளிக்கிறார் என்று பார்க்கத் தொடங்கினேன். மருந்துக்கடைத் தராசில் எடை நாற்பது கிலோ முந்நூறு கிராமுக்கு வந்திருந்தது. அடுத்த பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த நாட்களில் என் அக்காவின் கணவரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். கல்யாணமான அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் குசினிக்குள் வந்து, பலகையில் உட்கார்ந்து, அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தவர் அவர். "மருமகன், உறைப்புக் காணுமா, இன்னும் போடவா?" என்று அம்மா கேட்பார். "காணும் மாமி, உப்புத்தான் கடல் மாதிரிக் கிடக்கு" என்பார் அவர். அம்மா அகப்பையை ஓங்குவார். இருவரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டபடி ஊர் முழுக்கக் கதைப்பார்கள். ஒரு மாமியும் ஒரு மருமகனும் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்துத்தான் கன்னியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், சந்தை முடிந்து லட்சுமியக்கா மாமியைப் பார்க்க வந்தார். சோறு போட்ட தட்டை மாமியின் முன்னால் வைத்துவிட்டு, தேநீருக்குப் பால் வாங்கக் கீழே போனேன். திரும்பி வரும்போது இரண்டாம் மாடியிலேயே, வாணி சொன்ன அந்தக் குரல் கேட்டது. யாரோ ஒரு வியாபாரி ஐஸ் குறைத்துக் கொடுத்ததைப் பற்றி, அவன் பரம்பரை வரைக்கும் போய், பெரிய சிரிப்போடு ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் குரல் நின்றுவிட்டது. உள்ளே போனால் தட்டு காலி. குழம்புச் சட்டியில் பாதி இறங்கியிருந்தது. மாமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

போகும்போது லட்சுமியக்கா என்னைப் படிக்கட்டுக்கு அழைத்தார்.

"நைனா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீ சமைக்கறதுல கொற இல்ல. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். ஆனா எதிர்ல குந்திகினு, வாயையே பாத்துகினு, நோட்டுல வேற எழுதிகினு இருந்தா அது எப்டி துன்னும்?"

"டொக்டர் பக்கத்தில ஆள் இருக்கோணும் எண்டவர் அக்கா."

"ஆளு இருக்கலாம். மாப்ள இருக்கலாமா? மாப்ள மின்னாடி குந்தி துன்ற பயக்கமே அதுக்குக் கெடையாது. நீ வந்து இத்தினி மாசம் ஆச்சே, ஒரு நாளாச்சும் அது துன்னு பாத்துகிறியா?"

யோசித்துப் பார்த்தேன். ஏழு மாதத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. நானும் வாணியும் சாப்பிட்டு எழுந்த பிறகு மாமி குசினிக்குள் போவார். நாங்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருப்போம். பார்த்ததைச் சரியாக எழுதுவதற்குச் சம்பளம் வாங்கிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"அதுக்கும் மேல நீ அது துன்ன தட்டைக் கயுவுற. அதுக்கு உசுரே போவுது. இன்னிக்கு எங்கிட்ட இன்னா வாங்கியாரச் சொல்லிச்சு தெரியுமா? காயிதத் தட்டு. துன்னுட்டுத் தூக்கிப் போட்டுட்டா மாப்ள கயுவ வேணாம்ல. லூசு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து இறங்கிப் போனார். கூடத்து மூலையில் ஒரு காகிதத் தட்டுக் கட்டு இருந்தது. மாமி அதன் மேல் துணியைப் போட்டு மறைத்திருந்தார்.

அன்று இரவு வாணியிடம் கேட்டபோது, "அம்மா அப்டித்தாங்க. நான் சொல்லணும்னு தோணவே இல்ல" என்றாள். அவளுக்கு அது சுவர் மாதிரி, எப்போதும் இருப்பது. ஆறு வேளையும் நான் வெளியே போய் நிற்க முடியாது. அவரைத் தனியே விடவும் முடியாது. மறுநாள் குசினி வாசலில் நிலைக்குச் சாய்ந்தாற்போல் ஒரு பாயைப் போட்டேன். குழம்புச் சட்டியையும் சோற்றையும் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு முக்காலியில் வைத்தேன். கொப்பியை வாணியின் கைப்பையில் போட்டுவிட்டேன். பிறகு, "மாமி, நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிப்பன். திரும்ப மாட்டன். எழும்பும்போது மட்டும் கூப்பிடுங்க. தட்டை நீங்களே கழுவலாம், குழாய் எட்டும்" என்றேன். ஜன்னலைப் பார்த்து நின்றேன். பதினேழு லாரிகளை எண்ணிய பிறகு தட்டில் அகப்பை படும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் லாரிகளை எண்ணினேன். மூன்றாம் நாள் பின்னாலிருந்து, "மாப்ள" என்றது குரல்.

"ஓம் மாமி."

"வெங்காயத்தைக் கருக்குறீங்க."

என் வாழ்க்கையில் ஒரு குறை சொல்லப்பட்டதற்கு நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. அடுப்பைத் தணித்தேன். அடுத்த நாள் உப்பு. அதற்கடுத்த நாள், மீனைப் போட்டபின் கரண்டியால் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும் என்றார். பாயைப் போட்டு ஒரு வாரம் ஆனபோது, நான் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கும்போது, சந்தைக் குரல் முழு அளவில் வந்து விழுந்தது. "புளியக் கரைக்கச் சொன்னா கையக் கயுவிகினு வந்துகிறீங்களே! இது இன்னா கொழம்பா, கூவமா?"

உடனே வாயை அவர் கையால் பொத்திக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை. "இன்னொருக்காச் சொல்லுங்க மாமி, சரியாக் கேட்கல்ல" என்றேன். பிறகு பின்னால் ஒரு சிரிப்புத் தொடங்கி, தையல் வலித்திருக்க வேண்டும், "யம்மா" என்று நின்று, மறுபடி தொடங்கியது.

பரிசோதனை நாளில் தராசு நாற்பத்தொரு கிலோ இருநூறு காட்டியது. மருத்துவர் குழாயைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னும் இரண்டு வாரத்தில் மெதுவாக அடுப்படியில் நிற்கலாம் என்றார். மாமி வாணியின் கையை விடவில்லை. நான் என் விடுதலையை எண்ணி மகிழ வேண்டியவன். ஆட்டோவில் வரும்போது, நாளைக்குச் சந்தையில் காரப்பொடி மீன் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா மட்டக்களப்பிலிருந்து வீடியோவில் அழைத்தார். கைபேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அப்பளம் பொரித்தேன். அம்மாவின் கண் என் தோளுக்கு மேலே போனது.

"மனே, பின்னால மாமியா? சாப்பிடுறாவா?"

"ஓம். சத்தமாக் கதைக்காதீங்க. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது."

"ஏன்?"

சொன்னேன். "என்ன ஊர் மனே அது" என்றார். பிறகு முகத்தைக் கைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்து, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லிய குரலில், எனக்குப் பின்னால் நடப்பதை எனக்குச் சொல்லத் தொடங்கினார். "முள்ளெடுத்து ஓரமா வைக்கிறா. பிசையிறா. நல்லாப் பிசையிறா, நம்மட ஆக்கள் மாதிரித்தான். இப்ப சட்டிய எட்டிப் பார்க்கிறா."

திரையின் மூலையில், என் முகமும் எனக்குப் பின்னால் இருப்பதும் தெரியும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. அதன் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"முடிச்சிட்டாவா அம்மா?"

"இல்ல மனே. இன்னும் போடுறா. நீ அசையாம நில்லு."