அண்ணைக்கு நான் தேர்ந்த கட்டில்

அண்ணையின் மகன் லண்டனிலிருந்து அழைத்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கலியாணத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு அதுதான்.

"மாமி, அப்பா குளியலறையிலை விழுந்திட்டார். எலும்பு முறியேல்லை. ஆனா இனித் தனிய விடேலாது. ரெண்டு முதியோர் இல்லம் இன்டர்நெற்றிலை பாத்து வச்சிருக்கிறம். அங்கை எங்கடை ஆக்களெண்டு நீங்கள் மட்டும்தான் மிச்சம். நேரை போய்ப் பாத்து எது நல்லதெண்டு சொல்லுவியளே?"

"ஓம், பாக்கிறன்" என்றேன்.

பெடியன் அழுதுவிட்டான். என் நல்ல மனம்தான் அப்படிச் சொல்ல வைத்தது என்று நினைத்திருப்பான். அந்த நேரம் என் மனதில் எழுந்தது நல்லது ஒன்றுமல்ல. அகப்பட்டார் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் சண்டிலிப்பாயில் தோட்டக்காரக் குடும்பம். அண்ணை அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், கோயில் சபைத் தலைவர், மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். நான் குருநகரிலிருந்து மாதா கோயிலுக்குப் போகும் ஒரு வேதக்காரரை, கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளையை, விரும்பிக் கட்டினேன். அண்ணை கிணற்றடியில் நின்று நான் செத்துப்போனேன் என்று தலைமுழுகினார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்மா செத்த அன்று போனேன். வாசல் படலையில் நின்று, "உனக்கு இஞ்சை ஒருத்தருமில்லை. வந்த வழியாலை போ" என்றார். நான் போகவில்லை. ஒழுங்கையில் கிளுவை வேலியோடு ஒட்டி நின்றேன். பாடை என் பக்கம் வந்தபோது தூக்கியவர்களைப் பார்த்து, "கெதியா நடவுங்கோ" என்றார். அவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்து போனார்கள்; அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த ஒரு வசனத்தோடுதான் இத்தனை வருடமும் படுத்து எழும்புகிறேன்.

அப்படிப்பட்டவருக்குக் கட்டில் தேடித்தான் போனேன்.

முதலாவது இல்லம் நகரத்துக்கு வெளியே, வெளிநாட்டுக் காசில் புதிதாகக் கட்டியது. வாசலில் மீன்தொட்டி. கருங்கல் பதித்த பூசையறை. மரக்கறிச் சாப்பாடு மட்டும். கழுத்துப்பட்டி கட்டிய முகாமையாளர் ஆளில்லாத ஓர் அறையைத் திறந்து காட்டினார். "ஆக்கள் இருக்கிற அறையைக் காட்டுங்கோ" என்றேன். தயங்கிக் காட்டினார். டெற்றோல் மணத்துக்கு அடியில் மூத்திர மணம். ஒரு கிழவரைக் கதிரையோடு சேலைத் துண்டால் கட்டியிருந்தார்கள். கூப்பிடு மணி கட்டிலில் கிடப்பவரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு அம்மாவிடம், "சாப்பாடு எப்பிடியணை?" என்று கேட்டேன். அவ முதலில் முகாமையாளரின் முகத்தைப் பார்த்தா. பிறகுதான், "நல்லம்" என்றா.

வெளியே வந்து மாமர நிழலில் நின்றேன். அந்தக் கதிரையில் அண்ணையை நினைவில் இருத்திப் பார்த்தேன். சேலைத் துண்டையும் கட்டிப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மனம் குளிர்ந்தது.

இரண்டாவது, கடலோரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துவது. பழைய ஓட்டுக் கட்டடம். சுவர் நீளத்துக்கும் கை பிடிக்க மரச்சட்டம் அடித்திருந்தார்கள். கக்கூஸ் காய்ந்து கிடந்தது. எல்லாருடைய நகமும் வெட்டியிருந்தது. விறாந்தையில் நாலு பேர் சத்தம் போட்டுக் கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். எல்லாரும் கடலில் கிடந்து காய்ந்த உடம்புகள். குசினியிலிருந்து திருக்கைக் குழம்பு மணத்தது.

"சைவக்காரருக்கு வேறையாச் சமைப்பியளோ சிஸ்டர்?"

"வேறை சட்டி இருக்கு. வேறை குசினி இல்லை" என்று சிரித்தார் பொறுப்பாக இருந்த சிஸ்டர்.

காலியாக இருந்த கட்டிலைக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் என் மனிசனின் பெரியப்பா முறை. என்னைக் கண்டதும், "எடி மருமோள்!" என்று கத்தினார்.

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வெளித்தது. கதிரையில் கட்டிவைப்பது என்ன தண்டனை? யார் வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன் என்றாரோ அவர்களுடைய சோற்றை, அவர்களுக்கு நடுவில் இருந்து, சாகும்வரை தின்னட்டும். நல்லாய் வைத்துப் பார்க்கட்டும். என்னை ஒருவரும் குறை சொல்லவும் ஏலாது.

வீட்டுக்கு வந்து மனிசனிடம் சொன்னேன். வலைக்கண்ணி முடிந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"உம்மடை அண்ணைக்கு அடிக்க என்ரை சனம்தானோ உமக்குத் தடி?"

"நல்ல இடமப்பா அது."

"நல்ல இடம்தான். ஆனா நீர் அதுக்காக அதைத் தெரிவு செய்யேல்லை. எங்களோடை இருக்கிறது ஒரு தண்டனையெண்டு அவரும் நினைக்கிறார், நீரும் நினைக்கிறீர்."

உலை வைக்க எழும்பிப் போனேன். எண்ணத்தை மாற்றவில்லை.

அண்ணையிடம் நானே சொல்லவேண்டும் என்று அவர் மகனிடம் அடம்பிடித்துச் சண்டிலிப்பாய்க்குப் போனேன். சாய்மனைக் கதிரையில் கிடந்தார். பாதி ஆளாகியிருந்தார். இரு என்று சொல்லவில்லை. நானாக ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"ரெண்டு இடம் பாத்தனான். ஒண்டிலை பூசையறை இருக்கு, மரக்கறிச் சாப்பாடு. ஆனா நாத்தம். ஆக்களைக் கதிரையிலை கட்டி வைக்கினம்."

"மற்றது?"

"மற்றது சிஸ்டர்மாரின்ரை. துப்புரவு. நல்லாப் பாப்பினம். ஒரே குசினியிலைதான் மச்சமும் சமைக்கிறது." பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "பக்கத்துக் கட்டிலிலை என்ரை மனிசன்ரை பெரியப்பா."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அதைப் பார்க்கத்தான் நான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

"வேறை இடமில்லையோ?"

"இல்லை."

தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை.

அந்த மாதமே கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டேன். முதல் கிழமை பாணும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டார். பெரியப்பா விடவில்லை. "ஐயா, சோறு உங்களோடை கோவமில்லை" என்று தட்டை நகர்த்திக்கொண்டே இருந்தாராம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து போனபோது அண்ணை வரிசையில் தட்டோடு நின்றார். பரிமாறியவ குருநகர்ப் பெண். அவவின் கையிலிருந்து பருப்பை வாங்கினார். நான் தூணோடு நின்று கடைசிக் கவளம்வரை பார்த்தேன். அன்று வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை. பிறகொரு முறை போனபோது சிஸ்டர் சொன்னார்: "உங்கடை அண்ணை வாறவை எல்லாருக்கும் சொல்லுறார், தங்கச்சி நாலு இடம் அலைஞ்சு தேடித் தந்த இடமெண்டு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் தீர்த்த பழியை எடுத்து அவர் தனக்குப் பெருமையாக உடுத்திக்கொண்டு திரிகிறார். நேராக அவரிடம் போனேன். கடற்காற்றுக்கு விறாந்தைக் கரையில் இருந்தார்.

"அண்ணை, உங்களிலை உள்ள பாசத்திலை நான் இந்த இடத்தைத் தெரிவு செய்யேல்லை. நீங்கள் குறுகிப்போகோணும் எண்டுதான் தெரிவு செய்தனான்."

திரும்பிப் பார்த்தார். கோபம் வரவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சோ வந்தனீங்கள்?"

"நானெண்டாலும் இதைத்தான் செய்திருப்பன், பிள்ளை."

இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன எதையும்விட அதுதான் கூடச் சுட்டது. பொய் என்று சொல்ல முடியவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த புத்தி. திரும்பி வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போனேன். சம்பலுக்கு உறைப்புப் போதாது என்றார். சிஸ்டரிடம் சொல்லச் சொன்னேன்.

அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். மாட்டேன் என்பதுதான் அது. வாற மாதம் அவருக்குக் கண் ஒப்பரேசன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும், இங்கே அவருக்கு வேறு ஆளில்லை.